அங்காடிக்கு ஓர் இடம்

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, பாண்டியர் தலைநகரின் பகலையும் இரவையும் அடுத்த நாள் விடியலையும் தொடர்ந்து காட்டும் நூல். பகலிற் கூடும் சந்தையை நாளங்காடி என்றும், அந்திக்குப் பின் கூடும் சந்தையை அல்லங்காடி என்றும் அது வேறுபடுத்திக் கூறும். நள்ளிரவில் நகரம் அடங்கிய பின்னரும், அடையும் மோதகமும் விற்கும் கூவியர் தம் பண்டங்களின் அருகே இருந்தபடியே கண்ணயரும் காட்சி அந்நூலில் உண்டு. சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் காவிரிப்பூம்பட்டினத்து மருவூர்ப்பாக்கத்தை வருணிக்குமிடத்தும் பிட்டு விற்போரும் அப்பம் விற்போரும் இடம்பெறுகின்றனர். தெருவோரத்தில் அடுப்பு வைத்து உணவு விற்கும் தொழில் புதியதன்று என்பதற்கு இவை போதிய சான்று.

இத்தொழிலாளரின் வாழ்வில் அரசு குறுக்கிடும் முறையையும் தமிழ்நூல்கள் மறந்தனவல்ல. வைகை பெருக்கெடுத்தபோது வீட்டுக்கு ஓராள் வந்து கரையடைக்க வேண்டும் என்று பாண்டியன் கட்டளையிட்டான். பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் முதியவளுக்கோ ஆள் இல்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு இறைவனே அவளுக்காக மண் சுமந்தான் என்பது திருவிளையாடற் புராணக் கதை. இது வரலாறன்று, பக்திக் கதை. ஆயினும் ஓர் உண்மையை அது புலப்படுத்துகின்றது. மாளிகையில் வாழ்வோனுக்கும் பிட்டு அவிப்பவளுக்கும் ஒரே அளவான சுமை விதிக்கப்படும்போது, அச்சுமை பிட்டு அவிப்பவளையே நசுக்குகின்றது.

தெருவோர உணவு வியாபாரியின் முதல் யாது? பானையும் அகப்பையும் எளிதில் வாங்கத்தக்கவை. கைப்பக்குவம் தாயிடமோ முதலாளியிடமோ கற்றுக்கொள்ளக்கூடியது. பலரும் கடந்துசெல்லும் வழியில் அடுப்பை வைப்பதற்கு வேண்டிய நான்கு சதுர அடி நிலமே அவனுக்கு எளிதிற் கிட்டாத பொருள். இத்தொழிலின் போட்டி சுவையினாலும் விலையினாலும் நடப்பதாகவே வெளியிலிருந்து பார்ப்போர்க்குத் தோன்றும். அதன் வரலாற்றை ஆராய்வோர்க்கு, அது பெரும்பாலும் இடத்துக்காக நடந்த போட்டியாகவே காணப்படும். இதனைத் தெளிவாக விளக்கும் நகரம் சிங்கப்பூர். அங்கே தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. தெருவோரக் கடைகள் ஒருங்கே குடியமர்த்தப்பட்ட கட்டடங்களுக்கு அந்நாட்டார் வழங்கும் தமிழ்ப்பெயர் உணவங்காடி நிலையம். மதுரைக்காஞ்சியின் அங்காடி என்னும் சொல் கடல் கடந்து அங்கே இன்றும் நாள்தோறும் பயிலப்படுகின்றது.

1819ஆம் ஆண்டில் ஸ்டாம்போர்ட் றாபிள்ஸ் என்பவர் சிங்கப்பூரில் ஆங்கில வணிகத்தலம் ஒன்றை நிறுவினார். தென்சீனத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் மலாய்த் தீவுகளிலிருந்தும் தொழில் தேடி மக்கள் அங்கே வந்து குவிந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தவர்களுட் பெரும்பாலோர் ஆண்கள். மனைவி மக்களை ஊரில் விட்டு வந்தவர்கள். ஒரே அறையில் பலர் நெருங்கிப் படுத்தனர். அங்கே சமைக்க அடுப்பும் இல்லை; சமைப்போரும் இல்லை. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனும், றிக்ஷா இழுத்தவனும் பசியெடுத்த வேளையில் சில காசுக்கு உண்ணவேண்டியவராயிருந்தனர். இந்தத் தேவையே தெருவோர வியாபாரியைப் படைத்தது. வேலை கிட்டாதவனுக்கும் நோயுற்று உடல் தளர்ந்தவனுக்கும் அது கடைசிப் புகலிடமாகவும் அமைந்தது. உண்பவனும் விற்பவனும் ஏறக்குறைய ஒரே நிலையினர்.

அக்காலத்து வியாபாரியின் கடை அவனுடைய தோளிலேயே இருந்தது. காவுதடியின் ஒரு முனையில் அடுப்பும் பானையும், மறுமுனையில் கிண்ணங்களும் மாச்சரங்களும் தொங்கும். மலாய்க்காரர் கரியடுப்பையும் சிறு முக்காலிகளையும் சுமந்து சென்று, ஈர்க்கிற் கோத்த இறைச்சியைச் சுட்டு விற்றனர். உண்டபின் எஞ்சிய ஈர்க்குகளை எண்ணியே காசு வாங்குவர். தமிழர் பலவகைக் கடலைகளைத் தட்டில் நிரப்பித் தலையிற் சுமந்து, தாளைக் கூம்பாகச் சுருட்டி அளந்து கொடுத்தனர். கடையநல்லூர், தென்காசி முதலிய ஊர்களிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்களுட் பலர் சரபத்துக் கடை என்று வழங்கிய தேநீர்க் கடைகளை நடத்தினர். பாலிட்ட தேநீரைக் கைக்குக் கை உயர்த்தி ஆற்றும் அவர்களின் வித்தை, பிற்காலத்தில் அந்நாட்டின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று.

போட்டி கடுமையாயிருந்தமையின், ஒவ்வொருவரும் தமக்கென ஒரு பண்டத்தைப் பற்றிக்கொண்டனர். பொக்கியன் மாகாணத்தார் கோதுமை மாச்சரங்களிலும், தியோச்சியூ மக்கள் மீனுருண்டையிலும் கஞ்சியிலும் பெயர்பெற்றனர். பின்னர் வந்த ஐனான் தீவினர், வியாபாரத் துறைகள் பலவும் முன்வந்தோர் கையில் இருந்தமையால், ஐரோப்பியர் வீடுகளிற் சமையற்காரராயமர்ந்தனர். அவ்வனுபவத்தைக் கொண்டு பிறகு கோப்பிக் கடைகளைத் திறந்தனர். கோழிச்சோறும் அவர்களது கைப்பொருளே. ஒரே மொழி பேசுவோர் ஒரே தெருவில் வாழ்ந்தமையால் அத்தெருவின் வாடிக்கை அவர்களுக்கே உரியதாயிற்று. தமிழருக்குச் செராங்கூன் சாலை அத்தகையது.

வாடிக்கையாளரை அழைப்பதற்கு வியாபாரிகள் கையாண்ட வழிகளும் பல. மாச்சரக்காரனின் பையன் இரண்டு மூங்கிற் துண்டுகளைத் தட்டிக்கொண்டு முன்னே செல்வான். தட்டும் ஒலியைக் கொண்டே வருபவன் இன்னான் என்று தெருவார் அறிவர். மாடியில் இருப்போர் கயிற்றிற் கூடையை இறக்க, உணவு மேலே ஏறும். சம்பள நாள் வரை கடன் கொடுப்பது மற்றொரு முறை. கடன் கொடுப்பவனை விட்டு மலிவாக விற்பவனிடம் செல்லக் கூலியாள் துணிவதில்லை.

போட்டியினால் விளைந்த நன்மை ஒன்றையும் இங்கே குறிப்பிடவேண்டும். அருகருகே நின்று விற்றவர்கள் ஒருவர் பண்டத்தை மற்றவர் கவனித்தனர். சீனரின் மஞ்சள் மாச்சரத்தைத் தமிழ் முஸ்லிம் வியாபாரி வாங்கி, மிளகாய்ச் சாந்தும் உருளைக்கிழங்கும் தக்காளியும் சேர்த்து வறுத்து மீ கோரெங் என விற்றான். அதற்கு நேரான பண்டம் தமிழகத்திலும் இல்லை, சீனத்திலும் இல்லை. சீன வியாபாரி தன் பங்குக்கு மலாய்க்காரரின் தேங்காய்ப்பாலையும் அரைத்த கூட்டையும் எடுத்துக்கொண்டு லக்சா சமைத்தான். பள்ளிக்கூடங்களும் கோயில்களும் தனித்தனியே இருந்த காலத்தில் இந்தக் கலப்பு தெருவிலே நிகழ்ந்தது.

எனினும் தெரு எவருக்கு உரியது என்னும் வினா தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது. றாபிள்ஸ் 1822இல் வகுத்த நகரத் திட்டத்தின்படி, தெருவை நோக்கிய ஒவ்வொரு வீடும் தன் முகப்பிலே கூரையிட்ட நடைவழி ஒன்றை விடவேண்டும். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி மக்கள் நடப்பதற்காக ஏற்பட்ட அவ்வழியே ஐந்தடி எனப்பட்டது. நடப்பவனுக்கு நிழல் தரும் இடம் விற்பவனுக்கும் நிழல் தரும் அன்றோ? கடைக்காரர் தம் சரக்கை அதிலே பரப்பினர். உணவு வியாபாரிகள் அடுப்பை வைத்தனர். நடப்போர் வெயிலில் இறங்கிச் செல்லவேண்டியதாயிற்று.

1872ஆம் ஆண்டில் தெரு வியாபாரிகளை அகற்றுவதற்குப் பொலிசார் கையாண்ட முறை ஒரு கலகத்துக்குக் காரணமாயிற்று. 1888ஆம் ஆண்டு பெப்ரவரியில் நகரசபையார் ஐந்தடி வழிகளை வெறுமையாக்க முற்பட்டபோது, கடைகள் அடைக்கப்பட்டன. கல்லெறியும் குழப்பமும் மூண்டன. நடப்போர் செல்லுதற்கு வேண்டிய அளவு வழியை விட்டு, எஞ்சிய இடத்தைக் கடைக்காரர் பயன்படுத்தலாம் என்னும் இணக்கத்தில் அது முடிந்தது. வரலாற்றிலே ஐந்தடிக் கலகம் எனத்தக்க இந்நிகழ்ச்சி, ஏட்டிலுள்ள சட்டத்துக்கும் வயிற்றுப்பிழைப்புக்கும் இடையே நிகழ்ந்த மோதல்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரிமச்சீட்டு முறை வந்தது. 1920களிலும் 1930களிலும் நகரசபை கூரையிட்ட சில தங்குமிடங்களைக் கட்டி, வியாபாரிகளுள் ஒரு சாராரை அங்கே இருத்திற்று. ஆயினும் கட்டப்பட்ட இடத்தைவிட வியாபாரிகளின் தொகை விரைவாகப் பெருகிற்று. உலகப் பொருளாதார மந்தம் 1930களில் இறப்பரையும் ஈயத்தையும் தாக்கியபோது, வேலை இழந்தோர் தெருவுக்கு வந்தனர். 1942 முதல் 1945 வரை யப்பானியர் ஆண்ட காலத்துப் பஞ்சமும், போருக்குப் பிந்திய வேலையின்மையும் இன்னும் பலரைச் சேர்த்தன. நல்ல காலத்திற் சிலரும் கெட்ட காலத்திற் பலரும் இறங்கும் தொழில் இது. வாங்குவோர் கையிற் காசு குறையும் காலத்திலேயே விற்போர் தொகை கூடுவது இத்தொழிலின் பெருந்துன்பம்.

இடத்துக்கு உரிமை இல்லாதவன் அந்த இடத்தைப் பலருக்கும் விலைகொடுத்தே காத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரகசியச் சங்கத்தார் பாதுகாப்புப் பணம் என்று பறித்தனர். பரிசோதகர்கள் வந்தால் வண்டியை உருட்டிக்கொண்டு ஓடவேண்டும், பிடிபட்டால் குற்றப்பணம், சில வேளை அன்றைய உணவு முழுவதும் பறிபோகும். சீன வியாபாரிகள் பரிசோதகரை நிலக்காளை என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். அதேவேளை நகரசபையின் கவலையும் பொய்யன்று. குழாய்நீர் இல்லாத கடையில் ஒரே வாளித் தண்ணீரிற் கிண்ணங்கள் நாள்முழுதும் கழுவப்பட்டன. கழிவு கால்வாய்களிற் கொட்டப்பட்டது. வாந்திபேதியும் நெருப்புக்காய்ச்சலும் பரவும் அச்சம் என்றும் இருந்தது. 1950ஆம் ஆண்டில் இப்பிரச்சினையை ஆராய்ந்த விசாரணை ஆணைக்குழு, தெருக்கள் துப்புரவாயிருத்தல் வேண்டும் என்னும் நிருவாக நோக்கையும், மலிவான உணவும் பிழைப்பும் வேண்டும் என்னும் மக்கள் தேவையையும் ஒருங்கே வைத்து எண்ணியது. பிரச்சினையின் இரு பக்கங்களும் அரச அறிக்கை ஒன்றிலே அவ்வாறு எடைபோடப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

சிங்கப்பூர் 1965இல் தனிநாடாயிற்று. 1968, 1969 ஆகிய ஆண்டுகளில் தீவு முழுவதும் நடைபெற்ற பதிவில் ஏறத்தாழ 18,000 தெரு வியாபாரிகள் கணக்கெடுக்கப்பட்டு உரிமம் பெற்றனர். முன்னைய முயற்சிகளுக்கும் இதற்குமுள்ள வேற்றுமை இங்கேதான் தொடங்குகின்றது. துரத்துவதற்கு முன் எண்ணினார்கள். எண்ணிய பின் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் தேடினார்கள். 1971 முதல் உணவங்காடி நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. குழாய்நீர், மின்சாரம், கழிவுநீர்க் கால்வாய், பொது மேசைகள் ஆகியவை அவற்றில் அமைந்தன. புதிய குடியிருப்புகளின் நடுவே அவை கட்டப்பட்டமையால், வியாபாரியை நாடி மக்கள் நடந்தே வரமுடிந்தது. 1977இல் சிங்கப்பூர் ஆற்றைத் துப்புரவாக்கும் பெரும்பணி தொடங்கியபோது, ஆற்றோரங்களிலிருந்த ஏறத்தாழ 5,000 வியாபாரிகளும் இவ்வாறே இடம் மாற்றப்பட்டனர். 1986ஆம் ஆண்டளவில் தெருவிலிருந்த வியாபாரிகளைக் குடியமர்த்தும் வேலை நிறைவெய்திற்று.

இம்மாற்றம் கண்ணீரின்றி நடந்ததென எண்ணலாகாது. பல்லாண்டு ஒரே மரநிழலில் நின்றவன், வேறிடத்துக்குச் சென்றால் வாடிக்கை பின்தொடருமோ என்று அஞ்சினான். ஓச்சார்ட் சாலையில் பகலில் வாகனங்கள் நிற்கும் வெளியொன்று இரவில் உணவுக் கடைகளால் நிறைந்து, பழைய அல்லங்காடியைப் போலத் திகழ்ந்தது. 1978இல் அது மூடப்பட்டது. அதனை அறிந்த முதியோர் இன்றும் ஏங்கிப் பேசுகின்றனர். ஆயினும் ஒன்று மறுக்கவியலாதது. ஓடி ஒளிந்து விற்றவன் முதன்முறையாகக் கூரையின் கீழே, தன் பெயரும் கடை எண்ணும் எழுதிய பலகையோடு நின்றான்.

நிலையத்துக்குள் போட்டி புதிய வடிவம் பெற்றது. தெருவிலே மாச்சரக்காரனுக்கும் அடுத்த மாச்சரக்காரனுக்கும் இடையில் ஒரு தெரு இருந்தது. இங்கேயோ ஒரு சுவரே இடையில் நின்றது. ஒரே பண்டத்தை இருவர் மூவர் விற்கும்போது, வரிசை நீண்ட கடையே சிறந்த கடை என்று வந்தவர் முடிவுசெய்தனர். ஒருவன் விலையைக் கூட்டினால் அயலானிடம் கூட்டம் நகர்ந்தது. ஆகவே விலையேற்றத்தை விரும்பியவர்களும் அஞ்சினர். 1980களின் நடுப்பகுதி முதல் பெருங்கடைத் தொகுதிகளில் குளிரூட்டிய உணவுக்கூடங்கள் தோன்றி வேறு வகையான போட்டியைக் கொணர்ந்தன. 2016இல் வெளிவந்த சிங்கப்பூருக்கான முதல் மிச்சலின் வழிகாட்டி, இரண்டு அங்காடிக் கடைகளுக்கு நட்சத்திரச் சிறப்பளித்தது. உயர்ந்த உணவகங்களுக்கே உரியதாக எண்ணப்பட்ட பெருமை சில வெள்ளிக்கு விற்ற சோற்றுக்கும் மாச்சரத்துக்கும் கிடைத்தது. 2020 டிசெம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் சிங்கப்பூரின் அங்காடிப் பண்பாட்டை மனிதகுலத்தின் தொட்டறியவியலா மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. முன்னொரு காலத்திற் பரிசோதகரைக் கண்டு ஓடிய தொழில், நாட்டின் பெருமையாக உலக அரங்கில் ஏறிற்று.

எல்லாக் கதைகளும் இங்கே முடிந்தால் இனிமையாயிருக்கும். பழைய வினாவோ வேறு உருவில் மீண்டும் வந்து நிற்கின்றது. தெருவிலிருந்து குடியமர்த்தப்பட்ட முதற் தலைமுறையினர்க்கு அரசாங்கம் வாடகையைச் சலுகையாகக் குறைத்திருந்தது. பின்னர் வந்தோர் கேள்விவிலை கொடுத்தே கடையைப் பெறவேண்டும். குறைந்தபட்ச விலை என்னும் வரம்பு 2012இல் நீக்கப்பட்டது. அதனால் ஆளரவமற்ற மூலையிலுள்ள கடையைச் சொற்பத் தொகைக்குப் பெறவும் இயலும். ஆனால் கூட்டம் மிகுந்த நிலையத்திலுள்ள கடைக்குப் போட்டி எல்லை கடந்து செல்லும். 2024இல் ஒரு கடைக்கு மாதம் 10,000 வெள்ளிக்கு மேற்பட்ட கேள்விவிலை எழுந்தமை நாடெங்கும் பேசப்பட்டது. ஒரே கூரையின் கீழ், முதியவர் ஒருவர் சிறு வாடகையிலும் இளைஞர் ஒருவர் பன்மடங்கு வாடகையிலும் ஒரே விலைக்கு உணவு விற்க வேண்டிய நிலை உண்டாயிற்று. வாடகையைக் கூட்டுவது அயல்வீட்டானோடு நடக்கும் போட்டி; விலையைக் கூட்ட முடியாமற் செய்வதும் அதே போட்டி. இரண்டுக்கும் நடுவே நெரிபடுபவன் வியாபாரி.

மற்றொரு குறை வாரிசு இன்மை. அங்காடி வியாபாரிகளின் நடுவயது அறுபதை அண்மியுள்ளது. விடியுமுன் எழுந்து எலும்பு வேகவைத்து, நண்பகல் வெப்பத்தில் அடுப்பருகே நின்று, மாலையிற் பாத்திரம் கழுவி வீடு திரும்பும் வாழ்வைத் தம் பிள்ளைகள் மேற்கொள்வதைப் பெற்றோரே விரும்புவதில்லை. பிள்ளைகளைப் படிப்பித்து அலுவலகங்களுக்கு அனுப்புவதற்காகவே அவர்கள் அடுப்பருகே நின்றார்கள். அவர்களது உழைப்பு வெற்றி பெற்றமையே அவர்களது தொழில் நலிவதற்கு ஒரு காரணமாயிற்று. இதனைக் குறை என்பதா, நிறை என்பதா? பழக்குநர்களைச் சேர்க்கும் பயிற்சித் திட்டங்களை அரசாங்கம் நடத்துகின்றது. ஆயினும் ஒரு கிண்ண உணவுக்கு மக்கள் கொடுக்க மனம் ஒப்பும் விலை உயராதவரையில், பயிற்சி மட்டும் ஆளைக் கடையில் நிறுத்தாது.

2020 ஏப்பிரல் தொடக்கம் நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டினால் நிலையங்களில் இருந்து உண்பது சில வாரங்கள் தடைசெய்யப்பட்டது. அப்போது கைத்தொலைபேசி வழியே உணவை வரவழைக்கும் வழக்கம் பெருகிற்று. வியாபாரிக்கு வேண்டிய இடம் இப்போது நடைபாதையில் மட்டுமன்றிச் சிறு கண்ணாடித் திரையிலும் தேவைப்படுகின்றது. அந்த இடத்துக்கும் தரகு கொடுக்கவேண்டும். மூங்கில் தட்டிய பையனின் வேலையை வேறொருவர் ஏற்றுக்கொண்டு, ஒவ்வொரு கிண்ணத்திலும் பங்கு கேட்கின்றார் எனலாம்.

இந்த வரலாறு சிங்கப்பூருக்கு மட்டும் உரியதன்று. கொழும்புக் காலிமுகத் திடலில் கடற்காற்றிலே இறால்வடை விற்பவனும், புறக்கோட்டை நடைபாதையில் மாலையில் அடுப்பு மூட்டுபவனும், யாழ்ப்பாண நகரில் பேருந்து நிலையத்தருகே கடலை வறுப்பவனும் அதே நான்கு சதுர அடியைத் தேடுபவர்களே. தெருவைத் துப்புரவாக்குவதாகக் கூறி அவர்களைத் துரத்தும் நகரம், சில நாட்களில் அவர்களை அடுத்த தெருவிற் காணும். ஏனெனில் அவர்களைத் தெருவுக்கு அனுப்பிய வறுமையும், அவர்களிடம் உண்போரின் பசியும் எங்கும் போகவில்லை. தெருவை அவர்கள் விருப்புக்கே விட்டுவிடும் நகரத்தில் நடப்போனுக்கு வழியும் உண்போனுக்கு நலமும் இல்லை. எண்ணி, இடம் கொடுத்து, நீரும் ஒளியும் அளித்த நகரமே இதில் முன்னேறிற்று. கொடுத்த இடத்தை ஏலப்பொருளாக்கினால் அந்த முன்னேற்றமும் கைநழுவும் என்பதையும் அதே நகரம் காட்டுகின்றது.

வந்திக்குக் கரையில் ஒரு பங்கு விதித்த பாண்டியன், அவள் அடைக்கவேண்டிய அளவை அளந்தானேயன்றி அவளுடைய வலிமையை அளந்தானல்லன். அங்காடிக்கு இடம் வகுப்போர் நிலத்தை அளக்கும்போது, அதில் நிற்கப்போகின்றவரின் வலிமையையும் சேர்த்தளப்பது நன்று.